மீன்கொத்தி பார்த்த பக்கம்

நான் எழுதினால் வரி நேராக நிற்காது. கோடு போட்ட தாளாக இருந்தாலும் கடைசியில் மேலே ஏறிவிடும். ஐந்தாம் வகுப்பு வரைதான் படித்தேன். அதற்குப் பிறகு கையில் பிடித்தது ஊசிதான். மறதியும் வந்துவிட்டது. போன வாரம் எதிர்வீட்டுக்காரியின் பெயர் வராமல் குழாயடியில் முழித்துக்கொண்டு நின்றேன். அதனால் இதில் முன்பின்னாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நாலு பேர் முன்னால் நின்று சொல்ல எனக்கு எப்போதுமே வாய் வந்ததில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

எழுதச் சொன்னது நளினி. கோலார் தங்கவயல் ஆண்டர்சன்பேட்டையில் நாங்கள் வேலை பார்த்த எம்ப்ராய்டரிக் கூடத்தில் இப்போது கம்ப்யூட்டர் மெஷினை ஓட்டுகிறவள் அவள்தான். கூடத்தைப் பற்றிச் சின்னதாக ஒரு மலர் போடுகிறார்களாம். பழைய ஆட்களிடம் கேட்டு எழுதியதை எனக்குப் படித்துக் காட்டினாள். நடுவில் 'சிரிக்க' என்று தலைப்புப் போட்டு ஒரு பத்தி வந்தது. ஞானம்மாள் என்ற அக்கா ஒரு தடவை கப்பல் பேட்ஜில் பறவையைத் திருப்பி வைத்துவிட்டார், நாற்பது பேட்ஜும் போன வேகத்தில் திரும்பி வந்தன என்று.

"அதை எடுத்துடும்மா" என்றேன்.

"இன்னாத்துக்கு ஆன்ட்டி? கூடத்துல எல்லாருக்கும் தெரிஞ்ச கதைதானே. அவங்களும் போய்ச் சேந்துட்டாங்க. யாரு கோவிச்சிக்கப் போறா?"

அவள் மெஷின் திரையில் ஒரு மயில் இருந்தது. எனக்குக் காட்டுவதற்காக ஒரு பொத்தானை அழுத்தினாள். மயில் அந்தப் பக்கம் திரும்பியது. இன்னொரு தடவை அழுத்தினாள். பழையபடி இந்தப் பக்கம் திரும்பியது.

"இவ்ளோதான் ஆன்ட்டி இப்போ. இர்லி பிடி, வுடுங்க, இதுக்குப் போயி மூஞ்சிய இப்படி வச்சிக்கிறீங்க."

வீட்டுக்கு வந்ததும் இந்த நோட்டை எடுத்தேன்.

நான் கூடத்துக்கு வந்தது என் வீட்டுக்காரர் போன பிறகு. எங்கள் வீடு ஸ்கெலட்டன் என்கிற இடத்தில், சுரங்கத்து ஆட்களுக்கு வரிசையாகக் கட்டிய லைன் வீடு. எங்கள் லைனில் ஒரு வழக்கம் உண்டு. வேறு ஊரில் இருக்கிறதோ என்னவோ தெரியாது. ஷிப்டுக்குக் கிளம்புகிற ஆளுக்கு முன்னால் ஏதாவது ஒரு பறவை வலப்பக்கம் போனால் நல்லது. இடப்பக்கம் திரும்பினால் ஆளை நிறுத்தி, ஒரு வாய் தண்ணீர் கொடுத்து, உட்காரவைத்துப் பிறகுதான் அனுப்ப வேண்டும். அவர் போன அன்று காலை ஒரு மைனா கூரையிலிருந்து கிளம்பி இடப்பக்கம் போனது. நான் பார்த்தேன். அவர் ஏழெட்டு அடி போயிருந்தார். கூப்பிட்டிருக்கலாம். ஆனால் தெருவில் ஆண்கள் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தார்கள்; மாமியார் வாசலில் பல் துலக்கிக்கொண்டிருந்தார். எல்லார் முன்னாலும் புருஷனைச் சத்தம் போட்டுக் கூப்பிட எனக்கு வெட்கமாக இருந்தது. அன்று கீழே பாறை வெடித்துச் சரிந்தது. பர்ஸ்ட் என்பார்கள். கேஜ் என்கிற கூண்டில் இறங்கியவரை மறுநாள்தான் மேலே கொண்டுவந்தார்கள்.

கூப்பிட்டிருந்தால் பிழைத்திருப்பார் என்று இப்போது நான் நம்புகிறேனா என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. அப்போது நம்பினேன்.

வேலை கற்றதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. இரண்டு வருடம் சங்கிலித் தையல், பிறகு பட்டுநூல் நிரப்புவது, அதற்கும் பிறகுதான் ஜரிகைக் கம்பி. சுருள் சுருளாக இருக்கும் கம்பியை அரிசி நீளத்துக்கு வெட்டி, மணி கோர்ப்பதுபோல் ஊசியில் கோர்த்துப் பதிக்க வேண்டும். ஒரு தடவை வெட்டினால் வெட்டியதுதான். பிரித்தால் சுருள் இளகிவிடும்; மறுபடி உதவாது. ஸ்கூல் பேட்ஜ், பேண்டு வாத்தியக்காரர் தோளுக்குப் பட்டை, சர்ச்சுக்கு அங்கிப்பட்டை எல்லாம் செய்தோம். எப்போதாவது கப்பற்படையின் கப்பல் பேட்ஜ் வரும். பெங்களூரில் ஒருவர் ஆர்டர் பிடித்து எங்கள் முதலாளிக்குக் கொடுப்பார். கோட்டின் நெஞ்சுப் பையில் தைத்துக்கொள்கிற பேட்ஜ், உள்ளங்கை அளவு.

எங்களுக்கு மேல் ஸ்டெல்லா மிஸ். வெள்ளைக் காட்டன் புடவை, கறுப்பு ஃபிரேம் கண்ணாடி. அவர் யாரையும் திட்டிக் கேட்டதில்லை. தப்பு செய்தால் கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைப்பார். துடைத்து முடிக்கிற வரை நாம் நிற்க வேண்டும். அதற்குத் திட்டே வாங்கியிருக்கலாம் என்று இருக்கும்.

கப்பல் ஆர்டர் வந்தால் படத்தோடு ஒரு தாள் வரும், இங்கிலீஷில். நாங்கள் அதை அர்த்தத் தாள் என்போம். மிஸ் எழுந்து நின்றுதான் அதைப் படிப்பார். ஒரு வரி இங்கிலீஷ், ஒரு வரி தமிழ், மூன்று தடவை. பிறகு யாராவது ஒருத்தியைத் திருப்பிச் சொல்லச் சொல்வார். அவள் சொல்லி முடிக்கிற வரை யாரும் ஊசியில் நூல் கோர்க்கக் கூடாது.

"அர்த்தம் தெரியாம குத்தினா அது பூ வேலைம்மா. பேட்ஜ் இல்ல."

திருப்பிச் சொல்ல என்னைக் கூப்பிட்டுவிடுவாரோ என்று நான் எப்போதும் ஞானத்தின் முதுகுக்குப் பின்னால்தான் உட்காருவேன். ஞானம் என் லைன்தான், என் வீட்டிலிருந்து நாலு கதவு தள்ளி. நான் வாயில்லாதவள், அவள் வாய் மூடாதவள். மிஸ் ஒரு தடவை என் பக்கம் பார்த்தபோது, "மிஸ், அவளைக் கேட்டா சாயங்காலம் ஆயிடும், நானே சொல்லிடறேன்" என்றாள். கூடமே சிரித்தது. எனக்கு அவள் மேல் கோபமில்லை. என்னைக் காப்பாற்றத்தான் சொன்னாள்.

அந்த நாற்பது பேட்ஜ் போன கப்பலின் பெயரை எழுத மாட்டேன். சின்னக் கப்பல் என்று சொன்னார்கள். பேட்ஜின் வெளிச்சுற்று எல்லாக் கப்பலுக்கும் ஒன்றுதான்: மேலே சிங்கமுகம், சுற்றிலும் தாமரை மொட்டு வளையம், கீழே பெயர்ப் பட்டை. கப்பலுக்குக் கப்பல் மாறுவது நடுவட்டம் மட்டும். இந்தக் கப்பலுக்கு நடுவட்டத்தில் அலை, அதன் மேல் நங்கூரத்தின் வளையம், வளையத்தில் உட்கார்ந்த ஒரு மீன்கொத்தி.

மிஸ் படித்தார். வெள்ளையும் நீலமுமாக நெளிகிற கோடு கடல். நங்கூர வளையம் என்றால் இருக்கும் இடத்தை விடாத பிடிப்பு. மீன்கொத்தி அசையாமல் காத்திருக்கும், பாய்ந்தால் ஒரே தடவைதான் பாயும். சின்னக் கப்பலுக்கு அதுதான் பெருமை. நெஞ்சின் ஆரஞ்சு நிறம் உள்ளே இருக்கும் தீ. அலகு கொஞ்சம் கீழே தாழ்ந்திருக்க வேண்டும், ஏனென்றால் அது தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருக்கிறது.

"பேத்தமங்களா ஏரில கம்பி மேல குந்திகினு இருக்குமே, அந்தக் குருவிதானே மிஸ்?" என்றாள் ஞானம். "அது எங்க வீட்டுக்காரரு மாதிரி. நாள் பூரா சும்மா இருக்கும், சோத்தைக் கண்டா மட்டும் பாயும்."

மிஸ்ஸே சிரித்துவிட்டார். ஞானத்தின் வீட்டுக்காரர் அப்போது சும்மா இருந்தது சோம்பலால் இல்லை. சுரங்கத்தை மூடியிருந்தார்கள். அவருக்கு நெஞ்சில் கல்தூசி படிந்து, பத்தடி நடந்தால் மூச்சு வாங்கும். மதியம் ஞானம் ஓடிப்போய் அவருக்குக் கஞ்சி கொடுத்துவிட்டு ஓடிவருவாள். கூடம் பக்கத்தில் இருந்ததால்தான் அது முடிந்தது.

நான் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பறவையின் அலகு இடப்பக்கம் இருந்தது.

அந்த வாரம் மிஸ் கண் ஆபரேஷனுக்கு வேலூர் போய்விட்டார். படம் அவருடைய மேசைக் கண்ணாடிக்குக் கீழே இருந்தது. நாங்கள் படத்தைப் பார்த்துத் தைப்பதில்லை; பொடிக் கோட்டைப் பார்த்துத்தான் தைப்போம். படத்தை ட்ரேசிங் தாளில் எடுத்து, கோட்டின் மேல் நெருக்கமாக ஊசியால் ஓட்டை போட்டு, அந்தத் தாளைக் கறுநீலத் துணி மேல் வைத்து, மண்ணெண்ணெயில் குழைத்த வெள்ளைப் பொடியைப் பஞ்சால் தொட்டுத் தட்டினால், ஓட்டை வழியாக இறங்கித் துணியில் புள்ளி புள்ளியாகப் படம் விழும். வெளிச்சுற்றுக்கு ஒரு தாள், பெயருக்கு ஒரு தாள், நடுவட்டத்துக்கு ஒரு தாள். பெயர்த் தாளைத் திருப்பி வைத்தால் எழுத்தே காட்டிக்கொடுத்துவிடும். நடுவட்டத் தாளுக்கு அப்படி எதுவும் கிடையாது.

பொடி தட்டுவது எப்போதும் ஞானம்தான். அன்று வெளிச்சுற்று, பெயர் எல்லாம் முடித்து, நடுவட்டத் தாளை முதல் பேட்ஜில் வைத்துத் தட்டியும் விட்டாள். அதற்குள் லைனிலிருந்து ஆள் வந்தது, வீட்டுக்காரருக்கு மூச்சு இழுக்கிறது என்று.

"சரோஜா, தாளு வச்சிட்டேன். நீ அப்படியே மத்ததுலயும் வச்சித் தட்டிடு. தோ வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு ஓடினாள்.

பெரிய ஜன்னலுக்குப் பக்கத்தில் நான் தனியாக நின்றேன். மற்றவர்கள் உள்ளே சட்டத்தில் குனிந்திருந்தார்கள். முதல் பேட்ஜில் அவள் தட்டிய பறவை இடப்பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தது. இதை நாற்பது பேர் நெஞ்சில் வைத்துக்கொண்டு தண்ணீர் மேல் போகப் போகிறார்கள் என்று நினைத்தேன். நாற்பது வீட்டு வாசலில் நாற்பது பேர் நிற்பார்கள் என்று நினைத்தேன். மிஸ் இருந்திருந்தால் கேட்டிருப்பேனா? கேட்டிருக்க மாட்டேன். மண்ணெண்ணெய்த் துணியால் அந்த முதல் பறவையைத் துடைத்தேன். தாளைத் திருப்பினேன். வலப்பக்கம் பார்க்கிற மாதிரி நாற்பதிலும் தட்டினேன்.

நல்லது செய்தேன் என்றுதான் இருந்தது. அன்று வீட்டுக்குப் போகும்போது கை லேசாக இருந்தது.

ஞானம் அன்று திரும்பி வரவில்லை. மறுநாள் வந்து பொடிக் கோட்டின் மேல் தைக்க உட்கார்ந்துவிட்டாள்; பறவை எந்தப் பக்கம் என்று அவள் கவனிக்கவில்லை. எங்கள் இருவர் கையும்தான் அந்தக் கூடத்திலேயே நல்ல கை. நீலப் பட்டை மூன்று சாயலில் எடுத்து, இறகு இறகாக நிரப்பினோம். மிஸ் வருவதற்குள் பார்சல் போய்விட்டது.

பார்சல் திரும்பி வந்தபோது மிஸ் பச்சைக் கண்ணாடி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கூடவே கடுதாசி. இந்த முறை அதை அவர் எழுந்து நின்று படிக்கவில்லை. மேசைக் கண்ணாடிக்குக் கீழே இருந்த படத்தை எடுத்தார். ஒரு பேட்ஜை எடுத்தார். ரொம்ப நேரம் பார்த்தார். ஆணியில் தொங்கிய சாம்பிள் கோட்டை எடுத்துக்கொண்டு எங்களிடம் வந்தார்.

"சரோஜா, இங்க வாம்மா."

ஏன் என்னைக் கூப்பிட்டார் என்று இன்றுவரை தெரியாது. அன்று முன்னால் இருந்தது நான்தான், அதனாலாக இருக்கலாம். அந்தக் கறுப்புக் கோட்டை எனக்கு மாட்டிவிட்டார். இடப்பக்க நெஞ்சில் அசல் படத்தைக் குண்டூசியால் குத்தினார்.

"உன் வலது கையைத் தூக்கு."

தூக்கினேன்.

"இப்ப குனிஞ்சி பாரு. குருவி எந்தப் பக்கம் பாக்குது?"

குனிந்து பார்த்தேன். அலகு என் வலது கையைப் பார்த்திருந்தது.

மிஸ் எல்லாருக்கும் சொன்னார். கேடயத்தில் வலது என்றால் எதிரே நின்று பார்க்கிறவனுடைய வலது இல்லை. கேடயத்தைப் பிடித்திருப்பவனுடைய வலது. பறவையோ மிருகமோ அந்தப் பக்கம்தான் பார்க்க வேண்டும். அதுதான் எதிரியைப் பார்க்கிற பக்கம், மரியாதையான பக்கம். மறுபக்கம் திரும்பினால் ஓடிப்போகிறது என்று அர்த்தம். சண்டைக் கப்பலில் இருப்பவன் ஓடுகிற பறவையை நெஞ்சில் குத்திக்கொள்ள மாட்டான்.

அந்தப் பறவை முதலிலிருந்தே வலம்தான் பார்த்திருந்தது. கோட்டைப் போட்டுக்கொள்கிறவனுடைய வலம். நான் அந்த நாற்பது பேருக்கு என்ன கொடுக்க நினைத்தேனோ, அது அதில் ஏற்கெனவே இருந்தது. அதைத்தான் மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்திருக்கிறேன்.

மிஸ் பச்சைக் கண்ணாடியைக் கழற்றினார். கண்ணில் வெளிச்சம் படக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆனாலும் கழற்றித் துடைத்தார்.

"முதலாளி ஒரு பேரு கேக்கறாரு. பொடி யாரு தட்டினது?"

நான் இன்னும் அந்தக் கோட்டோடு நின்றிருந்தேன். எல்லாரும் என்னைத்தான் பார்ப்பதுபோல் இருந்தது. சொல்லத்தான் நினைத்தேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. ஆனால் சொல்லத் தொடங்கினேனா என்பதே எனக்கு நிச்சயமில்லை.

"நான்தான் மிஸ்" என்றாள் ஞானம். "எப்பவும் நான்தானே. தாளு வச்சது நானு. அவ நான் வச்சா மாதிரியே தட்டினா, அவ்ளோதான். அன்னிக்கு வீட்டு நெனப்புல மாத்தி வச்சிட்டேன் போல கீது."

யாரையும் காப்பாற்றுவதற்காக அவள் அப்படிச் சொல்லவில்லை. அப்படித்தான் நடந்திருக்கும் என்று உண்மையாகவே நினைத்தாள். முதல் பறவையை நான் துடைத்தது அவளுக்குத் தெரியாது. மிஸ் என்னைப் பார்த்து, "அப்படியாம்மா?" என்று கேட்டார். நான் தலையை ஆட்டினேன். ஆமாம் என்றா இல்லை என்றா என்று யாரும் திருப்பிக் கேட்கவில்லை.

கப்பல் பேட்ஜை முழுசாகக் குப்பையில் போடக் கூடாது என்று மிஸ் ஒரு விதி வைத்திருந்தார். குறுக்கே வெட்டித்தான் எறிய வேண்டும். நாற்பதையும் ஞானத்தையே வெட்டச் சொன்னார். கம்பியில் கத்தரி படும்போது நறுக் நறுக்கென்று கேட்கும். பாதியில் ஞானம், "பாவம், ஒரு மீன் கூட புடிக்காம போவுது" என்றாள். யாரும் சிரிக்கவில்லை. அதற்குள் நான் கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டியிருந்தேன். புதிதாக நாற்பது செய்தோம். அதில் பாதிக்கு மேல் என் கைதான். அதுவரை அவ்வளவு நன்றாக நான் தைத்ததில்லை.

ஞானத்தை நிறுத்திவிட்டார்கள். மிஸ் முதலாளியிடம் இரண்டு தடவை போய்க் கேட்டார் என்று பிறகு தெரிந்தது. அவருடைய பேச்சு எடுபடவில்லை.

கோலார் தங்கவயலில் வேலை போனால் மிச்சம் இருப்பது ரயில்தான். விடியும் முன்னே கிளம்பி பெங்களூர் கார்மென்ட்ஸுக்குப் போய், இருட்டிய பிறகு வருவது. ஞானம் அந்த ரயிலில் ஏறினாள். வீட்டுக்காரர் தலைமாட்டில் கஞ்சியையும் சொம்புத் தண்ணீரையும் மூடி வைத்துவிட்டுப் போவாள். நான் மதியத்தில் போய்ப் பார்க்க ஆரம்பித்தேன். ஞானத்துக்கு அது பெரிய உதவியாகத் தெரிந்தது. "நீ இல்லன்னா நான் இன்னா பண்ணுவேன்" என்பாள். நான் தரையைப் பார்ப்பேன்.

ஒரு நாள் சர்ச்சுக்கு அங்கிப்பட்டை அவசரம் என்று மதியம் போக முடியவில்லை. சாயங்காலம் போனபோது அவர் கட்டிலுக்குக் கீழே கிடந்தார். சொம்பு கவிழ்ந்திருந்தது. ஞானம் ரயிலில் வந்துகொண்டிருந்தாள். அவளிடம் அப்போது போன் கிடையாது. ஸ்டேஷனுக்குப் போய் யார் சொல்வது என்று லைனில் எல்லாரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். நான் போகவில்லை. அவள் தெருமுனைக்கு வந்து, கும்பலைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டாள்.

அடக்கம் முடிந்த பிறகு அவள் ஒன்றே ஒன்றுதான் திரும்பத் திரும்பச் சொன்னாள். "தண்ணி கேட்டிருப்பாரு. யாரையாவது கூப்புட்டிருப்பாரு."

அதன் பிறகும் பல வருடம் அந்த ரயிலில் போய்வந்தாள். நான் கூடத்திலேயே இருந்து, கண் மங்கி, ஓய்வு பெற்றேன். நல்ல கை என்று பெயர் வாங்கினேன். சால்வை போட்டார்கள். ஞானமும் வந்து கை தட்டினாள்.

போன மழைக்காலத்தில் அவள் படுத்துவிட்டாள். இனி எழ மாட்டாள் என்று தெரிந்தது. ஒரு மதியம் தனியாக இருக்கும்போது போய்ச் சொன்னேன். மைனா, மண்ணெண்ணெய்த் துணி, தாளைத் திருப்பியது, கோட்டோடு நின்றது, எல்லாம். என் வாழ்நாளில் ஒரே மூச்சில் அவ்வளவு பேசியது அன்றைக்குத்தான்.

அவள் என் கையைத் தட்டிக்கொடுத்தாள்.

"சும்மா இரு சரோ. சாவப் போறவ மனசு ஆறட்டும்னு சொல்ற. உனக்கு எங்கடி அவ்ளோ தைரியம்? தாளைத் திருப்பி வச்சது நான்தான். என் கண்ணுலயே நிக்குது. ஜன்னலண்ட, வெயிலு இந்தப் பக்கமா அடிச்சிது, நான் தாளை இப்படித் திருப்பறேன்."

கையைத் தூக்கி அந்தரத்தில் திருப்பிக் காட்டினாள். நான் எப்படித் திருப்பினேனோ அதேபோல. நடக்காத ஒன்றை இத்தனை வருடம் நினைத்து நினைத்து, அவளுக்கு அது நடந்தே விட்டிருந்தது. நான் மறுபடி சொன்னேன். அவளுக்கு மூச்சு வாங்கியது. "வுடுடி, அவரு போனதும் என்னாலதான்னு எனக்குத் தெரியும்" என்று சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டாள். மூன்றாம் தடவை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஒரு வாரத்தில் போய்விட்டாள்.

இப்போது அவள் பெயர் மலரில் சிரிப்புக்காக வருகிறது.

நளினி, இதை நீதான் டைப் அடிப்பாய். எழுத்துப் பிழையைத் திருத்திக்கொள். அர்த்தத் தாளில் இருந்ததாக நான் எழுதியதைக் கப்பற்படையில் இருந்த யாரிடமாவது கேட்டுச் சரிபார். ஆரஞ்சு நிறம் தீதானா, மிஸ் தானாகச் சேர்த்ததா என்று எனக்குச் சந்தேகம். திரும்பிய பறவை ஓடுகிற பறவைதானா என்பதையும் கேள். இல்லை என்று சொன்னால், அந்த நாற்பதையும் வெட்டியிருக்கவே வேண்டாம். எதற்கும் கேட்டுப் பார். எத்தனை நாள், எத்தனை பேர் என்பதிலும் தப்பு இருக்கலாம். பழைய ஆட்களிடம் காட்டு, அவர்கள் சொல்கிறபடி மாற்று.

தாளைத் திருப்பியது ஞானம்மாள் என்றுதான் அவர்கள் எல்லாரும் சொல்வார்கள். நான் எழுதியிருப்பதில் அதை மட்டும் மாற்றாதே.